மீன் தொட்டியில் உப்புக் கணக்கு



சில மாதங்களுக்கு முன் வீட்டு மீன் தொட்டி பற்றி இந்த நேரத்தில் கொஞ்சம் கதைத்திருந்தேன். அதன் பிறகு நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "தொட்டிக்குள் உப்புப் போடலாமா?" ஒருவருக்குக் கடையில் கட்டாயம் போடு என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவருக்கு ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் ஒரு சிட்டிகைகூடப் போடாதே என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் அரைவாசிதான் சரி. மற்ற அரைவாசியை இன்றைக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மிருக வைத்தியன் அல்ல. தொழிலால் கணக்காளன், வணிகவியல் படித்தவன். உப்பு விடயத்தில் நான் விட்ட பிழையும் மீன் பிழை அல்ல, கணக்குப் பிழைதான். மற்றவனுடைய புத்தகத்தில் இப்படி ஒரு பிழையைக் கண்டிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். என் வீட்டுத் தொட்டியில் ஆறு கிழமையாக எனக்கு அது தெரியவில்லை.

தொட்டியை வாங்கியது அம்மாவுக்காக. 2020 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் பூட்டப்பட்டபோது கோயில் இல்லை, முதியோர் ஒன்றுகூடல் இல்லை, பக்கத்து வீட்டு வேலியருகே நின்று கதைக்கவும் பயம். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் தொட்டியை வைத்திருந்தோம். அம்மா காலையில் தேத்தண்ணியோடு அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து மீன்களை எண்ணுவார். பத்து நியோன் ரெட்ரா, ஆறு கொறிடோரஸ், ஐந்து செரி பார்ப். கொறிடோரஸ் என்பது அடியில் மணலைக் கிண்டித் திரியும் சின்ன மீசை மீன். அம்மா அவற்றை "மீசைக்காரர்" என்றுதான் சொல்லுவார். எண்ணிக்கை சரி என்றால் அன்றைய நாள் சரி.

ஜூன் மாதம் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு நான்கு கறுப்பு மொல்லி மீன்களை வாங்கி அதற்குள் விட்டேன். இரண்டு நாளில் அவை ஒரே இடத்தில் நின்று, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல், உடம்பை ஆட்டத் தொடங்கின. மீன் வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த அடையாளம் இது. தண்ணீர் மொல்லிக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கடையில் கேட்டேன். "உப்புப் போடுங்கள், ஐந்து கலனுக்கு ஒரு மேசைக்கரண்டி" என்றார்கள். போட்டேன். மூன்றாம் நாள் மொல்லிகள் ஆட்டத்தை விட்டு நீந்தின. எனக்குப் பெரிய சந்தோசம். நல்ல மருந்து என்று நினைத்து ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் மாற்றும்போது திரும்பத் திரும்பப் போட்டேன்.

மூன்றாம் கிழமை செடிகள் அழுகத் தொடங்கின. அது கிரிப்டோகோரைன் என்ற செடி, எங்கள் இலங்கையின் ஈர வலயத்து ஓடைகளில் தானாக வளர்கிற இனம். இலை கண்ணாடிபோலாகிக் கரைந்துபோனது. நான் வெளிச்சம் காணாது என்று நினைத்து விளக்கை மாற்றினேன். தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரைச் சாடியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றுவது என் வழக்கம். அதன் இலை ஓரங்களும் கருகின. குளிர் என்று நினைத்தேன். ஐந்தாம் கிழமை மீசைக்காரரில் இருவர் எழும்பவில்லை. வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்து, ஆறாவது தடவையும் உப்புப் போட்டேன்! அந்தக் கிழமைக்குள் நான்கு கொறிடோரஸும் ஆறு நியோனும் போய்விட்டன.

அம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டார். கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள், நான் வாளியோடு நிற்கும்போது, விரலைத் தொட்டித் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மோனை, உந்தத் தண்ணி உவராப் போச்சு. ஊரிலை கிணறு உவர்த்தால் வாழைதான் முதல்லை சொல்லும். உன்ரை செடி எப்பவோ சொல்லிப்போட்டுது."

தொட்டித் தண்ணீரை நாக்கில் வைக்க வேண்டாம், நேயர்களே. அதில் கிருமிகள் இருக்கும். ஆனால் அம்மா சொன்னது சரி. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காமலே நாக்கால் அறிந்த தலைமுறை அவருடையது. நான் பட்டம் பெற்றவன், எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு பேனையும் கடதாசியும் எடுத்துக்கொண்டு இருந்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள்.

தொட்டி வந்த பெட்டியில் 120 லீற்றர் என்று போட்டிருந்தது. கல், மரக்கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்பது 100 லீற்றர். இதை வாளியால் அளந்து ஊற்றித்தான் அறியலாம். முதல் ஞாயிறு போட்டது ஏறத்தாழ 100 கிராம், அதாவது லீற்றருக்கு ஒரு கிராம். அதில் குற்றமில்லை. ஞாயிறுதோறும் நான் மாற்றும் தண்ணீர் 20 லீற்றர். ஆகவே தொட்டியில் இருக்கும் உப்பில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே போகும், ஐந்தில் நான்கு பங்கு உள்ளே நிற்கும். நான் திரும்பப் போட்டிருக்க வேண்டியது, புதிதாக ஊற்றும் 20 லீற்றருக்கு 20 கிராம் மட்டும். நான் போட்டதோ முழுத் தொட்டிக்கும் கணக்குப் பார்த்து ஒவ்வொரு முறையும் 100 கிராம். இரண்டாம் ஞாயிறு 180 கிராம் நின்றது. மூன்றாம் ஞாயிறு 244. நான்காவது 295. ஐந்தாவது 336. ஆறாவது 369. லீற்றருக்கு மூன்றரைக் கிராமையும் தாண்டிவிட்டது. யாரும் நிறுத்தாமல் விட்டிருந்தால் 500 கிராம் வரை ஏறிப் போய்த்தான் நின்றிருக்கும். ஆரம்ப மீதியை முன்கொண்டுவராமல் ஒவ்வொரு கிழமையும் புதுப் பேரேடு திறந்திருக்கிறேன்!

இன்னொரு பொறியும் உண்டு. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். குளிர் காலத்தில் ஹீற்றர் ஓடும்போது என் தொட்டியில் கிழமைக்கு மூன்று நான்கு லீற்றர் அப்படிப் போகும். அதை நிரப்பும்போது உப்புப் போடக் கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாகாது. ஆனையிறவில் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோனது, உப்புப் பாத்தியில் கிடந்தது. இங்கே தென் தீவில் மாள்பறோவில் கிராஸ்மியர் ஏரியில் உப்பு எடுப்பதும் அதே முறையில்தான். குறைந்தது தண்ணீர் மட்டும் என்றால் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். வாளியில் அள்ளி வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் உப்புக் கணக்கு.

கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். கலன் என்றால் அமெரிக்கக் கலன் மூன்றே முக்கால் லீற்றர், பிரித்தானியக் கலன் நாலரை லீற்றர். மேசைக்கரண்டி நியூசிலாந்தில் 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20. தூளுப்பு ஒரு கரண்டிக்குள் 18 கிராம் பிடித்தால், கல்லுப்பு அதைவிடக் குறையும். பலகாரம் செய்யும் மின் தராசில் கிராமாக நிறுத்துப் போடுங்கள். வீட்டில் தராசு இல்லாத தமிழ்க் குடும்பம் ஒக்லாந்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சரி, உப்பு மீனுக்கு என்ன செய்கிறது? நன்னீர் மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஏற்றும் சேலைனைப் போல, லீற்றருக்கு 9 கிராம் அளவில் இருக்கும். சுற்றியிருக்கும் தண்ணீரிலோ உப்பு இல்லை என்றே சொல்லலாம். அதனால் தண்ணீர் எந்த நேரமும் செவுள் வழியாக உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் வெட்டும்போது 'பூ' என்கிறோமே, அந்தச் செவுள்தான். புகுந்த தண்ணீரைச் சிறுநீரகம் இரவும் பகலும் வெளியே இறைக்க வேண்டும், போன உப்பைச் செவுள் திரும்பப் பிடித்து இழுக்க வேண்டும். நல்ல சுகமுள்ள மீனுக்கு இது பெரிய வேலை இல்லை. தோலில் காயம் பட்ட மீனுக்கும், பயணம் செய்து களைத்து வந்த மீனுக்கும், செவுள் பழுதான மீனுக்கும் இது தாங்க முடியாத வேலை. தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாரம் குறையும். அவ்வளவுதான் அதன் வித்தை. 'உப்புக் கிருமியெல்லாம் கொல்லும்' என்பது பாதிக் கதை.

உப்பின் மிகப் பெரிய பயனுக்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறியது. புதுத் தொட்டி வைத்தவர்களுக்கு இது முக்கியம். மீனின் கழிவிலிருந்து முதலில் அமோனியா வரும், அதை ஒரு வகை பக்ரீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாக மாற்றும். இந்த இரண்டாம் கூட்டம் குடியேற ஒரு மாதம், ஒன்றரை மாதம் எடுக்கும். அதுவரை நைத்திரைற்று ஏறும். அது மீனின் இரத்தத்தில் புகுந்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் கபில நிறமாகும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நைத்திரைற்று உள்ளே போகும் வாசலும், உப்பில் உள்ள குளோரைட்டு உள்ளே போகும் வாசலும் செவுளில் ஒன்றுதான். வாசலில் குளோரைட்டுக் கூட்டமாக நின்றால் நைத்திரைற்றுக்கு இடம் கிடைக்காது. இதற்கு 100 லீற்றருக்கு 15 கிராம் உப்புப் போதும். ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை. நியோன், கொறிடோரஸ், செடி எல்லாமே இதைத் தாங்கும். ஆனால் அமோனியாவுக்கு உப்பால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத் தண்ணீர் மாற்றுவதும் சாப்பாட்டைக் குறைப்பதும்தான் வழி.

அடுத்தது வெண்புள்ளி நோய். ரவை தூவினாற்போல மீனின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. எங்கள் வீடுகளில் குளிர் காலத்தில் ஹீற்றர் பழுதாகி ஓரிரு நாளில் இது தலைகாட்டும். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை உப்பும் தொடாது, மருந்தும் தொடாது, ஏனென்றால் அது தோலுக்கு அடியில் இருக்கிறது. அது முதிர்ந்து கழன்று, அடியில் விழுந்து பெருகி, குஞ்சுகளாக நீந்தி வேறு மீனைத் தேடும் நேரத்தில்தான் அகப்படும். சூடான தண்ணீரில் இந்தச் சுற்று சில நாட்களில் முடியும், குளிர்ந்த தண்ணீரில் கிழமைக் கணக்காக இழுக்கும். ஆகவே வெப்பத்தை மெல்ல மெல்ல 28 பாகை வரை உயர்த்தி, காற்றுக் குமிழியையும் கூட்டிவிட வேண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். உப்பு லீற்றருக்கு இரண்டு, மூன்று கிராம் என்று பல நூல்களில் இருக்கும். தங்கமீனும் மொல்லியும் கப்பியும் மட்டும் உள்ள தொட்டிக்கு அது சரி. எங்கள் கலப்புத் தொட்டிக்கு அது அதிகம். ஒரு கிராமில் தொடங்கி, இரண்டு நாள் பார்த்து, அடியில் திரியும் மீன் சோராவிட்டால் மட்டும் ஒன்றரைக்குப் போகலாம். நோய் அதற்கும் அடங்காவிட்டால் கடை மருந்துதான், அதுவும் கொறிடோரஸ், லோச் போன்றவற்றுக்குப் போத்தலில் எழுதியிருக்கும் குறைந்த அளவில். புள்ளி மறைந்ததும் நிறுத்தாதீர்கள். மறைந்த பிறகும் பத்து நாள் வைத்திருக்க வேண்டும்.

வெண்புள்ளி வந்த மீனை மட்டும் வேறு பாத்திரத்துக்கு எடுத்தால் காணாது, ஏனென்றால் குஞ்சு ஒட்டுண்ணிகள் முழுத் தொட்டியிலும் இருக்கும். இதற்கு மாறாக, செட்டை கிழிந்த மீன், கடிபட்ட மீன், கடையிலிருந்து வந்து சோர்ந்த மீன் என்றால் அதை மட்டும் ஒரு சிறு தொட்டிக்கு எடுத்து, லீற்றருக்கு ஒன்று இரண்டு கிராம் உப்பில் ஒரு கிழமை வைத்திருங்கள். பத்து லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டியும் சின்ன ஹீற்றரும் காற்றுக் கல்லும் போதும். ஒரு மீனுக்காக இருபது மீனை உவர் நீரில் வைக்கத் தேவையில்லை. நியூசிலாந்தில் அன்ரிபயோற்றிக் மருந்தை மிருக வைத்தியரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ஆகவே உப்பும் ஒரு தனிப் பெட்டியும்தான் எங்களிடம் உள்ள முதலுதவி.

எந்த மீன் தாங்கும், எந்த மீன் தாங்காது என்று கேட்பீர்கள். மொல்லி மத்திய அமெரிக்கக் கரையோரத்து மீன், அதில் சில இனம் கடல் தண்ணீரிலேயே வாழும். கப்பி, நாங்கள் ஊரில் நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணற்றில் விட்ட அதே மீன், யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் பிழைத்தது என்றால் உப்புக்குப் பயப்படாது. தங்கமீனும் நன்றாகத் தாங்கும். நியோன் ரெட்ரா அமேசன் காட்டின் தேயிலைச் சாயம்போன்ற தண்ணீரில் வாழ்வது. அந்தத் தண்ணீரில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கொறிடோரஸ், லோச் வகைகள் சில நாள் பொறுக்கும், மாதக் கணக்கில் வாடும். இறாலும் நத்தையும் செடியும் இருந்தால் இன்னும் கவனம்.

ஊர் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு எங்கள் தீவே சாட்சி. செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன். 1929 இல் தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். தென்மேற்கு மழைக்காட்டின் நிழல் ஓடையில், மென்மையான தண்ணீரில் வாழ்வது. அதே தீவின் மட்டக்களப்பு வாவியிலும் கடல்நீரேரிகளிலும் குரோமைட் என்ற மீன் உவர் நீரில் குஞ்சு பொரிக்கிறது. கேரளத்தில் அதைத்தான் கரிமீன் என்று பொரித்துச் சாப்பிடுகிறார்கள். 'இரண்டும் இலங்கை மீன்தானே' என்று ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றதற்காகக் கஷ்டப்படும்.

என் மொல்லிகளின் கதைக்கு வருகிறேன். அவற்றுக்குக் குறைந்தது உப்பு அல்ல என்பது பின்னர்தான் விளங்கியது. ஒக்லாந்துக் குழாய்த் தண்ணீர் ஹுனுவா, வைற்றாக்கரே மலைகளின் நீர்த்தேக்கங்களிலிருந்தும், 2002 முதல் வைக்காற்றோ ஆற்றிலிருந்தும் வருகிறது. பெரும்பாலும் மழைத் தண்ணீர், மென்னீர். மொல்லிக்குத் தேவை கல்சியம் உள்ள வன்னீர். உப்பு அந்தக் குறையைக் கொஞ்சம் மறைத்தது, தீர்க்கவில்லை. வன்னீராக்க வேண்டுமென்றால் சிப்பித் தூளோ பவளக் கல்லோ பில்ரருக்குள் போடலாம், ஆனால் அப்போது நியோனுக்குத் தண்ணீர் பிழைத்துவிடும். இவை இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டதுதான் என் முதல் பிழை. அதை உப்புப் பேணியால் திருத்தப் போனது இரண்டாம் பிழை. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் மொல்லிக்கு மருந்து சொன்னார், தொட்டியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நானும் சொல்லவில்லை.

உப்பைக் குறைத்ததும் அவசரமாக அல்ல. உவர் நீருக்குப் பழகிய உடம்பை ஒரே நாளில் வெறும் நீரில் விட்டால் அதுவும் அடிதான். ஒவ்வொரு நாளும் 20 லீற்றர், குளோரின் நீக்கிய, அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர், உப்பில்லாமல். ஏழு நாளில் 369 கிராம் சுமார் 77 கிராமாக இறங்கியது. அழுகிய இலைகளையும் அள்ளி எடுத்தேன், அவையும் தண்ணீரைக் கெடுத்திருந்தன. மீதி இரண்டு மீசைக்காரரும் நான்கு நியோனும் ஐந்து செரி பார்ப்பும் தப்பின. கிரிப்டோகோரைன் செடியின் வேரைப் பிடுங்காமல் விட்டேன், இரண்டு மாதத்தில் புது இலை வைத்தது. மொல்லிகளுக்கு 40 லீற்றரில் வேறு தொட்டி, சிப்பியும் கொஞ்ச உப்பும்.

எந்த உப்பு என்று இன்னொரு கேள்வி. கடையில் 'மீன் தொட்டி உப்பு' என்று அழகான பெட்டியில் விற்பது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைட்டுத்தான். சான்றிங்ஹம் கடைகளில் வாங்கும் கல்லுப்பும் அதுவே. அயடீன் உப்பு மீனைக் கொல்லும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. இந்த நாட்டில் கழலை நோய்க்காக 1924 இலிருந்து உப்பில் அயடீன் சேர்க்கிறார்கள். இன்றைய விதிப்படி கிலோவுக்கு 25 முதல் 65 மில்லிகிராம் வரை. லீற்றருக்கு ஒரு கிராம் போட்டால் தண்ணீரில் சேரும் அயடீன், கடல் தண்ணீரில் இயற்கையாகவே இருக்கும் அளவுதான். பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவை வேறு. பிறஷர் உள்ள பெரியவர்களுக்காக வாங்கி வைத்திருக்கும் 'சோடியம் குறைந்த' உப்பில் பாதிக்கு மேல் பொட்டாசியமாக இருக்கலாம், அதைத் தொட்டிக்குள் போடவே கூடாது. உள்ளியும் மூலிகையும் கலந்த உப்பும் அப்படித்தான். எப்சம் உப்பு வேறு பொருள், அது மலச்சிக்கலுக்கு. கடல் மீன் தொட்டிக்கான உப்பு தண்ணீரின் வன்மையையும் காரத்தையும் ஏற்றிவிடும்.

பில்ரருக்குள் சியோலைற் கல் வைத்திருப்பவர்கள், குறிப்பாகத் தங்கமீன் வளர்ப்பவர்கள், உப்புப் போடுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். அமோனியாவை உறிஞ்சி வைத்திருக்கும் அந்தக் கல், உப்பைக் கண்டதும் உறிஞ்சியதை எல்லாம் திரும்பக் கக்கிவிடும். நோய்க்கு மருந்து போட்ட அன்றே மீன் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போடும் முறை இதுதான். நிறுத்த உப்பைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு ஜக்கில் முழுதாகக் கரையுங்கள். மூன்றாகப் பிரித்து, பில்ரர் தண்ணீர் விழும் இடத்தில், காலை ஒரு பங்கு, பின்னேரம் ஒரு பங்கு, அடுத்த நாள் ஒரு பங்கு ஊற்றுங்கள். கல்லுப்பை அப்படியே எறிந்தால் அடியில் கிடக்கும் மீன் அதன் மேல் போய்ப் படுக்கும், தோல் வெந்துவிடும். போட்ட திகதி, எத்தனை கிராம், எடுத்த தண்ணீர் எத்தனை லீற்றர், என்றைக்கு நிறுத்துவது, இந்த நான்கையும் ஒரு கொப்பியில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். நிறுத்தும் திகதி எழுதாமல் முதல் கிராமைப் போட வேண்டாம். சுகமாக இருக்கும் கலப்புத் தொட்டிக்கு நாளாந்தம் எத்தனை கிராம் என்று கேட்டால், என் பதில் சைபர்.

வெளியே எடுக்கும் உப்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் ஊற்ற வேண்டாம். வீதியோரத்து மழைநீர் வடிகாலிலும் ஊற்ற வேண்டாம், அது நேரே ஓடைக்கும் துறைமுகத்துக்கும் போகிறது. வீட்டுக் குளியலறைத் தொட்டியில் ஊற்றுங்கள்.

எங்கள் வீட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் அம்மா தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: மீசைக்காரர் 2, நீலம் 4, சிவப்பு 5. செப்ரெம்பரில் நான் இன்னும் நான்கு மீசைக்காரரை வாங்கி வந்தபோது, அவற்றை மூன்று கிழமை தனிப் பெட்டியில் வைத்துத்தான் விட வேண்டும் என்று கட்டளை வந்தது. விட்ட அன்று 2 ஐ வெட்டி 6 என்று எழுதினார். கதிரையும் பழைய இடத்துக்கு வந்தது.

நேரம் முடிந்துவிட்டது. வெண்புள்ளி பற்றிக் கேட்ட நேயர், உங்கள் தொட்டியில் உள்ள மீன்களின் பெயரையும் தண்ணீரின் அளவையும் நிலையத்துக்கு அறிவித்தால் அடுத்த முறை அதைப் பார்ப்போம்.